எண்பது அங்குலம்

முன்னோரைப் பற்றிப் பேசாத குடும்பம் இல்லை. பேசுவதற்கு ஒருவர் வாய்க்காத குடும்பமும், எவரையேனும் தேடிப்பிடித்து முன்னோராக்கிக் கொள்ளும். இது மனித இயல்பு. ஆயினும், "உங்கள் முன்னோர் யார்?" என்று பிறரொருவர் நேரே கேட்கும்போதுதான், அதுகாறும் வீட்டுக்குள்ளே சொல்லப்பட்டு வந்த கதை ஒரு சோதனைக்கு உள்ளாகின்றது.

மருதமுனை நெசவாளர் குடும்பமொன்றிலிருந்து பேராதனைக்கு வந்த மாணவி ஒருத்திக்கு அத்தகைய சோதனை விடுதியறையிலே நேர்ந்தது. அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்டவள் கண்டியைச் சேர்ந்தவள். கண்டித் தோழியின் வீட்டு முன்மண்டபத்திலே ஒரு பழைய நிழற்படம் தொங்குகின்றது. பதினைந்து இளைஞர் இரு வரிசையாய் நிற்க, நடுவிலே முட்டை வடிவான பந்தொன்றை மடியில் வைத்தபடி அமர்ந்திருப்பவர் அவளுடைய பூட்டனார். அவர் அணிந்த தொப்பி இன்றும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றது. விருந்தினர் யார் வந்தாலும் முதலில் அந்தப் படத்தைப் பார்த்த பின்னரே தேநீர் வருமாம்.

கண்டியிலே இது வியப்பன்று. 'றகர்' என்று இந்நாட்டார் வழங்கும் விளையாட்டு, ஆங்கிலத் தோட்டத்துரைமாரின் கழகங்களிலிருந்து மலைநாட்டுப் பாடசாலைகளுக்குள் இறங்கியது. 1891 இல் எல். ஈ. பிளேஸ் கண்டியிலே தொடங்கிய பாடசாலை, பின்னர் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர் பெற்று, அவ்விளையாட்டை மாணவரிடையே புகுத்தியது. 1906 இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதிய ஆட்டமே இலங்கைப் பாடசாலைகளுக்கிடையிலான முதல் றகர் ஆட்டம். 1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் பிராட்பிக் கேடயத்துக்காகப் போட்டியிட்டு வருகின்றன. ஆகவே கண்டியிலும் கொழும்பிலும் நூறாண்டுக் காலமாகப் படமும் தொப்பியும் கேடயமும் சேர்ந்துவிட்டன. தாத்தாவின் தாத்தா எந்த ஆண்டில், எந்த இடத்தில் நின்று ஆடினார் என்பதற்குக் கல்லூரியின் பதிவேடே சாட்சி சொல்லும்.

"உங்கட குடும்பத்தில அப்படி விளையாட்டில பேர் எடுத்தவங்க இருக்காங்களா?" என்று தோழி கேட்டாள்.

மருதமுனைப் பெண் சற்றும் தாமதியாது விடை சொன்னாள்: "இருக்காரு. 1958 இல ஆசியாவிலேயே உயரமாப் பாய்ஞ்சவரு. எதிர்வீரசிங்கம்."

பெயரைக் கேட்ட தோழி வியப்புற்றாள். "தமிழ் ஆளுட பேரா இருக்கே! உங்கட சொந்தக்காரரா?"

அவ்வினாவுக்கு விடை வரவில்லை. சிறு வயது முதல் தன் வீட்டிலே கேட்டு வந்த பெயருக்கும் தன் குடும்பத்துக்கும் உள்ள உறவு யாது என்பதை அவள் அதற்கு முன்னர் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

கல்முனைக்கு வடக்கே கடலோரமாய்ச் செல்லும் மட்டக்களப்பு வீதியிலே மருதமுனை முஸ்லிம்களின் ஊர். கைத்தறிக்குப் பெயர் பெற்றது. அதனை அடுத்து வடக்கே கிடப்பது பெரியநீலாவணை. அவ்வூரைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கிவிடும். 1961 இல் அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்படும் வரை இவ்வெல்லையும் இருக்கவில்லை. ஒரே மணற்கரை, ஒரே தென்னை, ஒரே வாடைக்காற்று. ஓரூரின் பாங்கொலி மற்ற ஊரின் முற்றத்திலும், மற்ற ஊரின் கோயில் மணியோசை இவ்வூரின் தறிக்கூடத்திலும் கேட்கும்.

இக்கரையின் மக்களிடையே, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், 'குடி' என்றொரு முறைமை உண்டு. குடி தாய்வழியே இறங்கும். பிள்ளை தாயின் குடிக்கே உரியது. கோயிலிலே வண்ணக்கரும் பள்ளிவாசலிலே மரைக்காரும் குடிகளின் பேரால் அமர்ந்து வந்த வழக்கம் இங்கே நெடுங்காலம் நிலவியது. வீடு மகளுக்குச் சீதனமாகச் சேரும். மணமகன் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வான். எனவே இந்நிலத்திலே ஆண்மகன் ஒவ்வொருவனும் தான் பிறந்த வீட்டை விட்டுப் புறப்பட்டு, மற்றொரு வீட்டிலே சென்று வேரூன்றுபவன். பிறந்த வீடு அவனை மறப்பதில்லை. சேர்ந்த வீடு அவனை அந்நியன் என்று ஒதுக்குவதுமில்லை.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1934 ஆகஸ்டில் பெரியநீலாவணையிலே பிறந்தவர். கல்வி கற்றது யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் இலங்கைக்காக உயரம் பாய்தலிலே கலந்துகொண்டபோது அவருக்குப் பதினெட்டு வயது இன்னும் நிரம்பவில்லை. 1956 இல் மெல்பேண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். 1958 இல் டோக்கியோவில் நடைபெற்ற மூன்றாவது ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுவே. 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பயின்று, பின்னர் கல்விப் பணியிலே வாழ்நாளைக் கழித்தார். 2024 ஏப்ரலில் அமெரிக்காவிலே காலமானார்.

இவ்வாழ்க்கையிலே மருதமுனை நெசவாளர் குடும்பத்துக்கு இடம் எங்கே? இரத்த உறவு இல்லை, குடி வேறு, மதமும் வேறு. ஆயினும் அவர் பெயர் அவ்வீட்டிலே அறுபதாண்டுகளுக்கு மேலாக வழங்கி வந்தது. அதற்குக் காரணர் மாணவியின் மூத்தவாப்பா.

1958 மே மாதத்தில் மூத்தவாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. தந்தையாரின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் சிறுவன். அம்மாதப் பிற்பகுதி இந்நாட்டு வரலாற்றிலே இருண்ட காலம். பொலன்னறுவைப் பகுதியிலே மூண்ட வன்செயல் நாடெங்கும் பரவித் தமிழ் மக்கள் பலர் உயிரிழந்தனர், வீடிழந்தோர் அகதிகளாயினர். மே 27 இல் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. டோக்கியோ விழாவோ மே 24 முதல் யூன் 1 வரை நடைபெற்றது. அதாவது, தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக இலங்கையர் சிலர் தம் நாட்டிலே துரத்தப்பட்ட அதே நாள்களிலே, தமிழர் ஒருவர் இலங்கையின் பெயரால் பாய்ந்து அந்நாட்டுக்கு இல்லாதிருந்த பெருமையொன்றை ஈட்டினார்.

கடைத்தெருவிலே அச்சம் நிறைந்த முணுமுணுப்புகளுக்கிடையே அச்செய்தியும் வந்து சேர்ந்தது. வானொலிப் பெட்டி இருந்த கடையிலிருந்து திரும்பிய தந்தையார், கலவரத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவில்லை. துணி அளக்கும் கோலை எடுத்தார். தறிக்கூடத்தின் இரு தூண்களுக்கிடையே பாவுநூல் ஒன்றை இழுத்துக் கட்டினார். நிலத்திலிருந்து இரண்டு யாரும் எட்டு அங்குலமும், அஃதாவது எண்பது அங்குலம், அளந்து பார்த்துவிட்டு, "நீலாவணையில பிறந்த பொடியன் ஒருத்தன் இந்த உசரத்தப் பாய்ஞ்சிருக்கான்" என்றார். வீட்டிலேயே நெடியவரான மாமனார் அந்நூலின் கீழே வந்து நின்றார். தலைக்கும் நூலுக்குமிடையே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தது. சிறுவன் வாய் பிளந்து நின்றான்.

அந்த நூல் பின்னர் அவ்வீட்டின் வழக்கமாயிற்று. சிறுவன் வளர்ந்து தறியேறினான்; மணமுடித்து மனைவியின் வீட்டுக்குச் சென்றான். அங்கேயும் தறிக்கூடத்திலே தூண்களுக்கிடையே நூலைக் கட்டினான். பெருநாளன்று புத்தாடை உடுத்திய பிள்ளைகள் ஒவ்வொருவராய் நூலின் கீழே நிற்பார்கள். போன பெருநாளுக்கும் இந்தப் பெருநாளுக்கும் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதைத் தூணிலே கரிக்கோடு காட்டும். நூல் மட்டும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அது எட்டப்பட வேண்டிய அளவு. அதன் கீழே நின்ற பிள்ளைகளுக்கு மூத்தவாப்பா கதை சொல்வார்.

கதை ஆண்டுக்காண்டு வளர்ந்தது. எதிர்வீரசிங்கம் உயரம் பாயப் பழகியது இந்தக் கடற்கரை மணலிலேயே என்பார். ஆசியாவில் மட்டுமன்று, உலகத்திலேயே அவ்வுயரத்தை முதலிற் கடந்தவர் அவரே என்பார். பிள்ளைகள் நம்பினார்கள். மறுநாள் மணலிலே குழி தோண்டிப் பாய்ந்தும் பார்த்தார்கள்.

இடையிலே சில ஆண்டுகள் கதை சொல்லப்படவில்லை. 1990 ஆம் ஆண்டு கிழக்கு மாகாணம் முழுவதும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே குருதி படிந்த ஆண்டு. அடுத்தடுத்த ஊரார் ஒருவரையொருவர் கண்டு அஞ்சினர். அக்காலத்திலே தறிக்கூடத்து நூலைக் கண்ட உறவினர் ஒருவர், "அவங்கட ஆளுட உசரத்த நாம ஏன் கட்டி வைக்கணும்?" என்று கேட்டார். மூத்தவாப்பா மறுமொழி கூறவில்லை. நூலை அவிழ்க்கவுமில்லை. ஆனால் கதையை நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் நூலின் கீழே நின்று அளந்துகொண்டனர்; யாருடைய உயரம் என்று கேட்பார் இல்லை.

பின்னர் 2004 டிசம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலையிலே அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். இலங்கையிலே மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அதுவே. மருதமுனையின் கடலோர வளவுகளும் பெரியநீலாவணையின் கடலோர வளவுகளும் ஒரே அலையிலே ஒன்றாய்ச் சரிந்தன. தறிக்கூடம் போயிற்று, கரிக்கோடுகள் நிறைந்த தூண்கள் போயின, குடும்பத்தின் நிழற்படங்கள் யாவும் போயின. மாணவிக்கு அப்போது ஒரு வயது. இரண்டு ஊராரும் ஒரே வீதியால் மேற்கு நோக்கி ஓடினர். யார் யாருடைய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பது பிறகே தெரிந்தது. அன்று எவரும் குடி கேட்கவில்லை.

புதிய வீடு கடலுக்கு எட்டத்திலே அமைந்தது. தறி பூட்டிய முதல் நாளிலே மூத்தவாப்பா கோலை எடுத்து எண்பது அங்குலம் அளந்து நூலைக் கட்டினார். பல ஆண்டுகளாக நின்றிருந்த கதையும் மீண்டும் தொடங்கியது. படமும் தொப்பியும் கேடயமும் உள்ள வீட்டில் அவை அழிந்தால் நினைவும் குன்றக்கூடும். அளவு மட்டுமே உள்ள வீட்டிலே அளவு மனத்தில் இருக்கும் வரை எதுவும் அழியவில்லை. இது அவ்வீட்டாருக்கு அன்று விளங்கியதோ இல்லையோ, மூத்தவாப்பாவின் கைக்கு விளங்கியிருந்தது.

தோழியின் வினாவுக்கு விடை தெரியாத மாணவி, மறுநாள் நூலகத்துக்குச் சென்றாள். பழைய பத்திரிகைகளையும் விளையாட்டு வரலாறுகளையும் புரட்டினாள். முதலில் அவள் கண்டது 2.03 மீற்றர் என்ற எண். ஓர் அங்குலம் 2.54 சென்ரிமீற்றர். எண்பதால் பெருக்கினாள். 203.2 வந்தது. பதிவேட்டைக் கண்ணாலும் காணாத நெசவாளர் ஒருவரின் தறிக்கூடத்து நூல், உலகப் பதிவோடு மயிரிழை பிசகாது பொருந்தியது. அவளுக்குக் கண் கலங்கியது.

ஆனால் தேடல் அத்தோடு நிற்கவில்லை. அவர் உயரம் பாயக் கற்றது யாழ்ப்பாணத்துக் கல்லூரியில். பெரியநீலாவணைக் கடற்கரையில் அன்று. உலகில் அவ்வுயரத்தை முதலிற் கடந்தவரும் அவரல்லர். 1952 இல் ஹெல்சிங்கியிலே தங்கம் வென்ற அமெரிக்கர் வோல்ற்றர் டேவிஸ் பாய்ந்தது 2.04 மீற்றர். இளமையிலே இளம்பிள்ளை வாதத்தால் நடக்கவியலாதிருந்தவர் அவர். 1956 இல் சாள்ஸ் டூமாஸ் என்ற மற்றோர் அமெரிக்கர் 2.15 மீற்றர் பாய்ந்து, ஏழடியைக் கடந்த முதல் மனிதரானார்.

அவள் பெரிதும் கலங்கினாள். மூத்தவாப்பாவுக்கு வயது எண்பதை நெருங்குகின்றது. வாழ்நாளெல்லாம் சொல்லி வந்த கதையிலே பாதி பிழை என்று அவரிடம் சொல்வது முறையா? சொல்லாது விடுவது முறையா? முன்னோரின் கதையை அலங்கரிப்பது அன்பினாலேதான். ஆயினும் அலங்காரம் மிகும்போது, உண்மையாய் நின்ற மனிதர் மறைந்துவிடுகிறார். 2.03 மீற்றர் சிறிய உயரமன்று. மெத்தையில்லாக் காலம் அது. பாய்ந்தவர் மணலிலோ மரத்தூளிலோதான் விழ வேண்டும். முதுகைக் கீழே வளைத்துக் கோலைத் தாண்டும் முறையை டிக் பொஸ்பரி உலகுக்குக் காட்டியது பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலேதான். அத்தகைய காலத்திலே சிறிய தீவொன்றிலிருந்து சென்ற ஒருவர், ஆறாண்டுகளுக்கு முன் ஒலிம்பிக் தங்கம் பெற்றுத் தந்த உயரத்துக்கு ஒரு சென்ரிமீற்றரே குறைவாகப் பாய்ந்தார். இதற்குமேல் ஏன் ஏற்றிச் சொல்ல வேண்டும்?

விடுமுறையிலே ஊருக்குச் சென்றபோது, தறிக்கூடத்திலே மூத்தவாப்பா நாடாவுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். அவள் அருகில் அமர்ந்தாள்.

"மூத்தவாப்பா, எதிர்வீரசிங்கம் நம்மட கடற்கரையில பாயப் பழகல்ல. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்திலதான் பழகியிருக்காரு. உலகத்தில முதலாவதும் அவரில்ல. அவருக்கு முந்தியே கூடப் பாய்ஞ்சவங்க இருக்காங்க."

கிழவரின் கை நின்றது. நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர் கேட்டார்:

"உசரம்?"

"உசரம் நீங்க சொன்னதுதான். எண்பது அங்குலம். கூடவுமில்ல, குறையவுமில்ல."

"அப்ப சரி மகள்," என்றார் அவர். "அளவு எங்கட வாப்பா அளந்தது. அதில நான் கைவைக்கல்ல. மத்ததெல்லாம் ஆசையில நான் கூட்டினது. அத வெட்டிப்போட்டுச் சொல்லு. அளவில பொய் சொல்ற நெசவாளிட துணியை ஆரும் ரெண்டாம்முறை வாங்க மாட்டாங்க."

சற்றுப் பொறுத்து அவள் மற்றொன்றையும் கேட்டாள். உறவினர் அன்று கேட்ட அதே வினா; தோழியும் கேட்ட வினா. அவர் நம்முடையவரா?

மூத்தவாப்பா நூலை அண்ணாந்து பார்த்தார். "நான் இந்த வீட்டில பிறந்தவனா? இல்லையே. உன்ட மூத்தம்மாட வீட்டுக்கு வந்தவன். வந்து அறுபது வருசமாகப் போகுது. என்ன வேற ஆள் எண்டு நீ சொல்லுவியா?"

அவ்விடையிலே வாதத்தின் கூர்மை இல்லை. ஆயினும் இக்கரையின் வாழ்க்கை முழுவதும் அதனுள் அடங்கியிருந்தது. பிறப்பினால் வரும் உறவு ஒன்று. ஏற்றுக்கொள்வதனால் வரும் உறவு மற்றொன்று. பெண் வீடு மணமகனை ஏற்பது போல், ஓர் ஊர் அயலூரின் மகனை ஏற்கலாம். 1958 இன் வன்செயல் நாள்களிலே, தமிழர் ஒருவரின் வெற்றியைத் தன் பிள்ளைகளுக்கு அளந்து காட்டிய முஸ்லிம் நெசவாளர், அவ்வாறு ஏற்றுக்கொண்டவர். அவருக்கு அதனால் ஆதாயம் ஏதுமில்லை. தம் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பதற்கு ஓர் உயரம் வேண்டும் என்பது மட்டுமே அவர் எண்ணம். 1990 இலே நூல் அவிழ்க்கப்படாது நின்றதும் அவ்வேற்பின் வலிமையே. கதை மௌனமானது மகனின் அச்சத்தினால். அதனை மறைப்பதிற் பயனில்லை. அந்த மௌனமும் குடும்ப வரலாற்றின் ஒரு பகுதியாகவே சொல்லப்பட வேண்டும்.

எனினும் ஏற்பது வேறு, அபகரிப்பது வேறு. பெரியநீலாவணையில் பிறந்தவரை மருதமுனைக்காரராக்குவதும், யாழ்ப்பாணத்துக் கல்லூரி உருவாக்கிய திறமையைக் கடற்கரை மணலுக்கு உரிமையாக்குவதும் அபகரிப்பே. யார் பெற்றார், யார் வளர்த்தார், யார் கற்பித்தார் என்பதை உள்ளவாறே ஒப்புக்கொண்டு, அதன் பின்னரும் "எங்களுக்கும் உரியவர்" என்று சொல்ல முடிந்தால், அச்சொல்லில் எவருக்கும் வருத்தம் எழாது. இரண்டு ஊர்களுக்கிடையே எல்லைக் கற்கள் எத்தனை நடப்பட்டாலும், இருவரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய ஒரு பெயரேனும் இருப்பது நல்லது.

விடுமுறை முடிந்து பேராதனைக்குத் திரும்பிய மாணவி, விட்ட இடத்திலிருந்து தோழிக்கு விடை சொன்னாள். அவர் தன் சொந்தக்காரர் அல்லர் என்றாள். அடுத்த ஊரிலே பிறந்து யாழ்ப்பாணத்திலே கற்றவர். நாட்டிலே நெருப்பெரிந்த நாள்களில் நாட்டுக்காகப் பாய்ந்தவர் என்றாள். தன் வீட்டிலே அவருடைய படம் எதுவும் இல்லை, நூல் ஒன்று மட்டுமே உண்டு என்றும் சொன்னாள்.

தோழி எழுந்து சுவரோரமாய் நின்று, "எவ்வளவு உசரம்? காட்டு பார்ப்பம்" என்றாள்.

மாணவி கதிரையொன்றின் மேல் ஏறி, அளவுநாடாவை நிலம் வரை தொங்கவிட்டு, எண்பதாம் அங்குலத்திலே விரலை வைத்தாள்.